அந்தப் பேரு மட்டும் வேண்டாம்

சபதம் போடுவதற்கு உலகத்தில் எத்தனையோ இடம் இருக்கிறது. அம்ராம் வக்னின் போட்டது ஓடுகிற பஸ்ஸில். அதுவும் வெள்ளிக்கிழமை, சந்தையிலிருந்து திரும்புகிற கூட்டம் முழுக்க வண்டிக்குள் அடைந்திருக்கும்போது. திபேரியாவில் ஒரு விஷயம் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டுமென்றால் அதைவிடத் தோதான இடம் கிடையாது.

ஏரிக்கரைச் சந்தையிலிருந்து மேட்டுத்தெருக்களுக்கு ஏறுகிற பஸ்ஸை அவன்தான் ஓட்டினான். பெரிய கோபக்காரன். சிவப்பு விளக்கு எரிந்தால் விளக்கின் மேல் கோபம். பச்சை எரிந்தால் முன்னால் போகிறவன் மேல் கோபம். இதெல்லாம் சில்லறைக் கோபம்தான். மொத்தமாகச் சேர்த்து வைத்திருந்த கோபம் ஒரே ஒருத்தி மேல். அவனுடைய மாமியார் ஹயா.

வெள்ளிக்கிழமை தவறாமல் ஹயா அவன் பஸ்ஸில்தான் ஏறுவாள். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்காருவாள். உட்கார்ந்ததும் ஆரம்பிப்பாள்.

"மெதுவாப் போ, மெதுவா! பையில முட்டை இருக்கு, வீட்டுக்குப் போறதுக்குள்ள ஆம்லெட் ஆக்கிடாதே."

"ஹார்ன் அடிக்காதே, அவனுக்கு என்ன காது செவிடா?"

"ஏன் ஹார்ன் அடிக்க மாட்டேங்கிறே, உனக்கு என்ன கை விளங்கலையா?"

இப்படியே ஏரியிலிருந்து மேடு வரைக்கும். இதில் பெரிய வில்லங்கம் என்னவென்றால் அவள் வீடு. வீடு இரண்டு ஸ்டாப்புக்கு நடுவில் இருந்தது. வீடு நெருங்கியதும் பைகளைத் தூக்கிக்கொண்டு, "வாசல்ல நிறுத்து மாப்பிள்ளை" என்பாள். "அங்க ஸ்டாப் இல்லை அத்தை" என்பான் அம்ராம். ஒன்பது வருஷமாக இதே பேச்சு. ஒன்பது வருஷமாக அவன் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவன் ஜெயித்த ஒரே சண்டை அதுதான். விடுவானா?

அந்த வெள்ளிக்கிழமை அவள் பையில் ஒரு பெரிய தர்பூசணி இருந்தது. "நிறுத்து" என்றாள். "ஸ்டாப் இல்லை" என்றான். வண்டி வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. ஹயா எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! இவன் ஒரு நாளைக்குக் கழுதையை இரவல் கேட்டு வந்திருந்தாக்கூட நம்பிக் கொடுத்திருக்க மாட்டேன். பொண்ணைக் கேட்டு வந்தான், தூக்கிக் கொடுத்துட்டேன். அன்னைக்கு என்னை எந்தப் பேய் பிடிச்சு ஆட்டுச்சோ!"

பஸ்ஸே சிரித்தது. பின் சீட்டிலிருந்து ஷலோம் சிரித்த சிரிப்பு எல்லாருக்கும் மேலே கேட்டது. ஷலோம் ஜெபக்கூடத்து நிர்வாகி. அவர் ஒரு விஷயத்துக்குச் சிரித்தால் மறுநாள் ஜெபக்கூடம் முழுக்க அதற்குச் சிரிக்கும்.

அம்ராமுக்குத் தலை கிறுகிறுத்தது. போட்டான் ஒரு பிரேக்! தர்பூசணி உருண்டு ஓடிப்போய் எங்கேயோ மோதிப் பிளந்தது. சீட்டிலிருந்து எழுந்து நின்றான்.

"நானும் சொல்றேன், கேட்டுக்கோங்க! என் பொண்டாட்டிக்கு மாசம் முடியப் போகுது. பொண்ணு பிறந்தா, இந்தம்மா பேரை வைக்க மாட்டேன்! வச்சேன்னா நான் அம்ராம் இல்லை!"

சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது.

ஏனென்றால் அது விளையாட்டுப் பேச்சு இல்லை. முதல் பெண்ணுக்கு அப்பாவுடைய அம்மா பேர். இரண்டாவது பெண்ணுக்கு அம்மாவுடைய அம்மா பேர். மொரோக்கோவிலிருந்து கப்பலேறி வந்த யூத ஜனம் பாத்திர பண்டத்தை விட்டுவிட்டு வந்தாலும் இந்த முறையை விட்டுவிட்டு வரவில்லை. பேருக்குச் சொந்தக்காரி உயிரோடு இருக்கும்போதே கொடுப்பார்கள், அவள் ஆயுசு கூடுமாம். கொடுக்காமல் விட்டால், கண் முன்னால் இருக்கிறவளை இல்லை என்று சொன்ன மாதிரி. அம்ராமின் முதல் மகள் சிம்ஹாவுக்கு அவன் அம்மா பேர் வைத்தாகிவிட்டது. இப்போது ஹயாவின் முறை. அதை இவன் நடுரோட்டில் நிறுத்தி வைத்துப் பிடுங்கிவிட்டான்.

ஹயாவின் முகத்தில் ஈயாடவில்லை. பிளந்த தர்பூசணியைக்கூடப் பார்க்காமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை அவன் பெண்டாட்டி அலீஸாவுக்குக் குழந்தை பிறந்தது. பெண்.

வியாழக்கிழமை மதியம் அலீஸா குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள். வந்ததும் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

இங்கே அம்ராமைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பேர்களுக்கு அர்த்தம் சொல்வதில் அவனை அடித்துக்கொள்ள அந்த ஊரில் ஆள் கிடையாது. எபிரெயப் பேர் ஒன்றைச் சொன்னால் போதும், அது எந்த வேரிலிருந்து முளைத்தது, வேதத்தில் முதலில் யாருக்கு வைத்தார்கள் என்று கேட்காமலேயே ஒப்பிப்பான். பஸ்ஸில் ஏறுகிறவர்களைக்கூட விடமாட்டான். "ஸிப்போராவா? பறவை. பறந்து பின்னாடி போய் உட்காரும்மா." "தெபோராவா? தேனீ. கொட்டாம சில்லறை கொடு." அலீஸா என்றால் களிப்புள்ளவள். பெண் பார்க்கப் போன இடத்தில் அந்த அர்த்தத்தில் சொக்கிப்போய்த்தான் தலையாட்டினான். அர்த்தத்தைப் பார்த்தானே தவிர ஆளைச் சரியாகப் பார்க்கவில்லை.

"பஸ்ஸுல என்ன கத்தினீங்க?" என்றாள் களிப்புள்ளவள்.

"என்ன கத்தினேன்னு ஊருக்கே தெரியும். உனக்கு மட்டும் தனியா ஒரு தடவை கத்தணுமா?"

"பெரியவளுக்கு உங்கம்மா பேரு வச்சோம். நான் வாயைத் திறந்தேனா?"

"அது முறை."

"அப்ப இது என்ன கிறுக்கா?"

"இது சபதம்!"

"உங்க சபதத்தைக் கொண்டுபோய் ஏரியில போடுங்க. சனிக்கிழமை ஜெபக்கூடத்துல மேடையேறி, ஹயான்னு எங்கம்மா பேரைச் சொல்றீங்க."

"சொல்ல மாட்டேன்! ஹயான்னா என்ன அர்த்தம் தெரியுமாடி? உயிரோட இருக்கிறவள். என் தலைவலியே அதுதான்!"

"வெட்கமா இல்லை உங்களுக்கு?"

"இன்னொரு அர்த்தமும் இருக்கு. மிருகம்."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. அதற்குள் தலையணை வந்து முகத்தில் விழுந்துவிட்டது.

"எங்கம்மாவையா மிருகம்ங்கிறீங்க? அந்தப் பேரு அவளுக்கு எப்படி வந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"எப்படி வந்தா எனக்கென்ன!"

"ஒரே நிமிஷம், கேளுங்க..."

"கேட்க மாட்டேன்! பேரு விஷயத்துல எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எனக்கே பாடமா? எனக்கேவா?"

கேட்டிருக்கலாம். பாவி மனுஷன், ஒரு நிமிஷம்தானே கேட்டாள்! அலீஸா அவனை உற்றுப் பார்த்தாள். அப்புறம் வாயை மூடிக்கொண்டாள். அலீஸா வாயை மூடினால் அதற்கு என்ன அர்த்தம் என்பது ஒன்றுதான் அவனுக்குத் தெரியாத அர்த்தம்.

வெள்ளிக்கிழமை அவன் வேலை முடிந்து வந்தபோது வீட்டில் மீன் வாசனை. மிளகாயும் கொத்தமல்லியும் கொண்டைக்கடலையும் போட்டு வேகவைத்த மீன். அந்தக் கை யாருடையது என்று முகர்ந்ததுமே தெரிந்தது.

"உங்கம்மா வந்தாளா?"

"நீங்க இல்லாத நேரமாப் பார்த்து வந்தா. அவ பொண்ணு வீட்டுக்கு அவ திருட்டுத்தனமா வந்துட்டுப் போறா." அலீஸாவின் குரல் நடுங்கியது. அது நடிப்பு இல்லை. "குழந்தையை மடியில வச்சுக்கிட்டா. எந்தப் பேரைச் சொல்லிக் கொஞ்சறதுன்னு தெரியலை அவளுக்கு. 'பொண்ணே, பொண்ணே'ன்னு கூப்பிட்டுட்டுப் போனா. என்ன பேரு வைக்கப் போறீங்கன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. கேட்டிருந்தா பரவாயில்லை. கேட்கலை!"

அம்ராமுக்கு நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது. உடனே கழுதையை நினைத்துக்கொண்டான். சுருக்கென்றது போய்விட்டது.

"பஸ்ஸு முழுக்க என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க அலீஸா. ஷலோம் இருக்கானே, அவன் பேருக்கு அர்த்தம் சமாதானம். ஊருல நடக்கிற அத்தனை சண்டைக்கும் அவன்தான் திரி கொளுத்தறவன். இன்னைக்குக்கூட என்னைப் பார்த்துக் கழுதை மாதிரி கனைக்கிறான்! நான் இறங்கி வரணுமா? செத்தாலும் மாட்டேன்."

"சரி, விடுங்க. வைக்கலை. அப்ப என்ன பேருதான் வைக்கப் போறீங்க? அதையாவது சொல்லித் தொலைங்க."

அம்ராம் திடுக்கிட்டான். எதை வைக்கமாட்டேன் என்று சபதம் போட்டானே தவிர, எதை வைப்பது என்று இந்த நிமிஷம் வரை யோசிக்கவில்லை.

"ராஹேல்" என்றான்.

"அர்த்தம்?"

"பெண் ஆடு."

"நல்லா இருக்கு. வேற?"

"யாயேல்."

"அது?"

"அதுவும் ஆடுதான். மலை ஆடு."

"நான் என்ன பட்டியா வச்சிருக்கேன்? வேற!"

"லேயா. களைச்சுப் போனவள்."

"பிறந்து நாலு நாள்ல என்ன களைப்பு? களைச்சுப் போனவ நான்."

"ஹுல்தா! பெரிய தீர்க்கதரிசி அவ. ராஜாவே ஆள் அனுப்பி அவகிட்டக் குறி கேட்டான்."

"அர்த்தத்தைச் சொல்லுங்க."

"அர்த்தம்... இப்ப எதுக்கு அர்த்தம்?"

"சொல்லுங்க."

"எலி."

அலீஸா கையிலிருந்த கரண்டியைத் தட்டில் போட்டாள்.

"வைங்க! ஆடு வைங்க, எலி வைங்க, உங்க இஷ்டம். மேடையில ஏறப் போறது நீங்க. நான் வீட்டுல கிடக்கப் போறவ. எது வச்சாலும் எனக்கு ஒண்ணுதான். ஆனா வாரங்களின் திருநாளுக்கு உங்கம்மா அஷ்தோத்துல இருந்து மூட்டை கட்டிக்கிட்டு வருவாங்களே, வந்து வருஷா வருஷம் எனக்கு ஒரு பாட்டுப் பாடுவாங்களே, ஞாபகம் இருக்கா? 'வேதத்துல வர்ற நவோமியோட மருமகளைப் பாரு. புருஷன் செத்தும் மாமியாரை விடலை. உங்கம்மா வீட்டுக்குப் போன்னு தள்ளினாலும் போகலை. மருமகள்னா அவ!' ஒன்பது வருஷம்! கேட்டுக் கேட்டுக் காதே புளிச்சுப் போச்சு. அந்த நவோமிங்கிற பேரு மட்டும் இந்த வீட்டுக்குள்ள கேட்டுச்சு, அவ்வளவுதான், குழந்தையைத் தூக்கிக்கிட்டு நான் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அந்தப் பேரு மட்டும் வேண்டாம்! வேண்டவே வேண்டாம்! சொல்லிட்டேன்!"

சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். பிள்ளை பெற்று நாலு நாள் ஆனவள் மாதிரியே நடக்கவில்லை.

அம்ராம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது.

நவோமி! இனிமை என்று அர்த்தம். இதமானவள் என்று அர்த்தம். இனிமை என்ற வேரிலிருந்து நேரே முளைத்த பேர், ஒரு வளைவு நெளிவு இல்லை. அதற்குச் சொந்தக்காரியோ வேதத்திலேயே பேர் வாங்கிய மாமியார். அதிலும் யார் பக்கத்து மாமியார்? புருஷன் பக்கத்து மாமியார்! அவள் பெற்ற பிள்ளைகளும் போய், கட்டினவனும் போய், என்னை இனி இனிமை என்று கூப்பிடாதீர்கள், கசப்பு என்றே கூப்பிடுங்கள் என்று அவள் ஊராரிடம் அழுதபோதுகூட, மருமகள் பக்கத்தை விட்டு நகரவில்லை. இப்படி ஒரு பேர் கையிலேயே இருக்க, ஆட்டையும் எலியையும் தேடிக்கொண்டிருந்தோமே என்று தொடையில் அடித்துக்கொண்டான். ஒரே கல்லில் இரண்டு பேருக்கும் அடி. மாமியாருக்குப் பேர் கிடையாது. பெண்டாட்டிக்கோ, மகளைக் கூப்பிடும்போதெல்லாம் நல்ல மருமகள் எப்படி இருக்க வேண்டும் என்று ஞாபகம் வரும். ஆயுசு முழுக்க! ஒரு நாளைக்குப் பத்துத் தடவை!

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில், சும்மா சோதித்துப் பார்க்கலாமே என்று, மீனை வாயில் வைத்துக்கொண்டு, "நவோ..." என்று இழுத்தான். அலீஸா ரொட்டிக்கூடையை டப்பென்று வைத்த வேகத்தில் மெழுகுவர்த்தியே ஆடியது. அம்ராம் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவ்வளவு ருசியாக அவன் சாப்பிட்டதே இல்லை.

சனிக்கிழமை, ஓய்வுநாள் காலை. ஜெபக்கூடம் நிரம்பி வழிந்தது. பெருநாளுக்குக்கூட எட்டிப் பார்க்காதவன் எல்லாம் வந்திருந்தான். அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் இருந்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லை. பஸ்ஸில் இல்லாதவர்கள் அன்றைக்கு இல்லாமல் போனோமே என்று வந்திருந்தார்கள். மாடியில், மரச்சட்டத் தடுப்புக்குப் பின்னால் பெண்கள். முதல் வரிசையில் ஹயா. வராமல் இருந்துவிட்டால் தோற்றுப்போனதாக அர்த்தமாகிவிடும் என்பதற்காகவே வந்து, முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஷலோம் மேடையில் நின்று நோயாளிகளுக்காக வேண்டுதல் சொன்னார். படகுத்துறைக் கிழவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தார். வழக்கப்படி அந்தக் கிழவர் பேருக்கு முன்னால் 'ஹயிம்' என்று சேர்த்து வாசித்தார். உயிர் என்று அர்த்தம். பழைய பேரைத் தேடிக்கொண்டு மரணதூதன் வந்தால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்புகிற வேலை. எல்லாரும் ஆமென் என்றார்கள். அம்ராமும் உரக்க ஆமென் போட்டான்.

அடுத்து அவனைக் கூப்பிட்டார்கள். சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு மேடையேறினான். வேதச் சுருள் முன்னால் நின்று ஆசீர்வாதம் சொன்னான். வாசிப்பு முடிந்தது. ஷலோம் அவன் பக்கம் குனிந்தார். ஜெபக்கூடமே அவரோடு சேர்ந்து குனிந்தது.

"பொண்ணு பேரு?" என்று காதைக் கொடுத்தார். மெதுவாக ஒரு எச்சரிக்கையும் சேர்த்தார். "அம்ராம், நான் சொல்றதைக் கேளு. சிரிச்சது தப்புதான். கிழவி மேல இருக்கா. கோபத்தை விடுடா."

இது போதாதா? இவர் வந்து சமாதானம் சொல்கிறாரா! அம்ராமின் காது வரை சூடேறியது. காதில் சொல்ல வேண்டிய பேரை, மாடியைப் பார்த்துக் கத்தினான்.

"நவோமி!"

ஷலோம் பெருமூச்சு விட்டார். அப்புறம் என்ன செய்வது? அம்ராமின் மகள் நவோமி என்று ராகம் போட்டு வாசித்தார். ஜனம் ஆமென் என்றது. பேர் விழுந்துவிட்டது. இனி அதை ராஜாவே வந்தாலும் மாற்ற முடியாது.

அம்ராம் இடுப்பில் கையை வைத்து மாடியை நிமிர்ந்து பார்த்தான். தடுப்புக்குப் பின்னால் ஒரு கை மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு விம்மல் கேட்டது. அழுகிறாள்! கழுதையைக்கூடத் தரமாட்டேன் என்றாயே, அழு, நன்றாக அழு என்று அவன் உள்ளுக்குள் சொல்லி முடிப்பதற்குள், மாடியிலிருந்து கிளம்பியது ஒரு குலவை.

சாதாரணக் குலவை இல்லை. கல்யாணத்துக்குப் போடுகிற குலவை. கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி. போட்டது ஹயா. ஒன்று, இரண்டு, மூன்று என்று மூச்சு விடாமல் போட்டாள். மற்றப் பெண்களும் என்ன ஏது என்று தெரியாமலேயே சேர்ந்துகொண்டார்கள். அம்ராம் மேடையில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான். ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது.

முற்றத்தில் அத்திப்பழச் சாராயமும் பலகாரமும் வைத்திருந்தார்கள். அம்ராம் வெளியே வருவதற்குள் ஹயா படியிறங்கி ஓடி வந்து அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கன்னமெல்லாம் ஈரம்.

"மாப்பிள்ளை! உனக்கு யாரு சொன்னா?"

"என்னத்தை?"

"என் பேரை!"

"உங்க பேரையா? அத்தை, உங்க பேரு ஹயா!"

"அது காய்ச்சல்ல வந்த பேரு ராசா. மொரோக்கோவுல, மெக்னேஸ் ஊருல, எனக்கு ஏழு வயசு. வைத்தியர் கையை விரிச்சுட்டார். எங்கப்பா செருப்புகூடப் போடாம ஜெபக்கூடத்துக்கு ஓடிப்போய்ப் பேரை மாத்திட்டு வந்தார். அன்னையிலிருந்துதான் ஹயா. அதுக்கு முன்னாடி நான் நவோமி. மரணதூதன் காதுல விழுந்துடக் கூடாதுன்னு அந்தப் பேரை வீட்டுல யாரும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். எங்கம்மா மட்டும் தலை சீவிவிடும்போது காதுக்குள்ள மெதுவாச் சொல்லுவா. அவளும் போயிட்டா. அவ போன பிறகு, உலகத்துல ஒருத்தர் வாயால அந்தப் பேரை நான் கேட்டதில்லை. இன்னைக்கு நீ மேடையில நின்னு, என் முகத்தைப் பார்த்துச் சத்தமாச் சொன்னே பாரு..."

கூட்டத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

காய்ச்சலில் படுத்தவர்களுக்கு வைக்கிற பேர் ஹயா என்று அம்ராமுக்குத் தெரியாதா? பஸ்ஸில் எத்தனை பேருக்கு விளக்கம் சொல்லியிருக்கிறான்! ஹயா என்று ஒருத்தி இருந்தால், அந்தப் பேருக்கு அடியில் இன்னொரு பேர் படுத்துக்கிடக்கலாம் என்பது அவன் மாதிரி ஆளுக்குத் தோன்ற வேண்டாமா? காலையில்கூட ஆமென் போட்டானே, உரக்கப் போட்டானே! தன் மண்டையிலேயே நாலு போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

ஷலோம் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார். "அடப்பாவி! உள்ளுக்குள்ள இவ்வளவு பாசத்தை வச்சுக்கிட்டா பஸ்ஸுல அந்த ஆட்டம் ஆடினே? சபதமும் கெடலை, முறையும் கெடலை. மூளைக்காரன்டா நீ!"

"நான் ஒண்ணும்..." என்று ஆரம்பித்தான். அதற்குள் வாயில் யாரோ பலகாரத்தைத் திணித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் ஆட்கள் கை கொடுத்தார்கள். கோபம் தொண்டை வரை நின்றது. யார் மேல் காட்டுவது? அவனைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டுவான். புகழ்ந்தால் என்ன செய்வான்? வீட்டுக்குள் நுழைந்ததும் ஹயா நேரே தொட்டிலுக்குப் போனாள். அம்ராம் நேரே படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான்.

"அடியே! தெரிஞ்சுதானே செஞ்சே?"

"என்ன செஞ்சேன்?" என்றாள் அலீஸா, தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே.

"நவோமி!"

"அந்தப் பேரு வேண்டாம்னுதானே சொன்னேன்?"

"சொன்னே! கத்திக் கத்திச் சொன்னே!"

"அப்புறம் என்ன? பொண்டாட்டி பேச்சைக் கேட்டிருந்தா இந்த வம்பே வந்திருக்காதே."

அம்ராம் பல்லை நறநறவென்று கடித்தான். "ஏமாத்தியிருக்கேடி என்னை!"

"நானா? ஒரு நிமிஷம் கேளுங்கன்னு வியாழக்கிழமை கெஞ்சினேன். கேட்டீங்களா? எங்கம்மாவை மிருகம்னீங்க. பேரை மாத்தலைன்னா பொண்ணு செத்துடுவாளோன்னு ஒரு மனுஷன் வெறுங்காலோட ஓடின கதை, பாட்டி என் காதுல மட்டும் சொல்லிட்டுப் போனது, அதைக் கேட்க உங்களுக்கு நேரமில்லை. எனக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும்?" அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நான் இப்பவே போய் உண்மையைச் சொல்லப் போறேன்."

"போங்க. தாராளமாப் போங்க. 'அத்தை, உங்களை அவமானப்படுத்தத்தான் இந்தப் பேரை வச்சேன், தெரியாம இனிச்சுப் போச்சு'ன்னு சொல்லுங்க. போங்க, ஏன் நிக்கிறீங்க?"

போனான். ஹயா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு குனிந்திருந்தாள். "நவோமி" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு தடவை சொன்னாள். யாராவது தடுக்க வருகிறார்களா என்று பார்ப்பது போல ஒரு தரம் நிமிர்ந்தாள். யாரும் தடுக்கவில்லை. மூன்றாவது தடவை சத்தமாகவே சொன்னாள்.

"அத்தை..." என்றான் அம்ராம்.

"என்ன மாப்பிள்ளை?"

வாய் வரை வந்த உண்மையை விழுங்கினான். "டீ குடிக்கிறீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் மேடேறிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் ஹயா உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சந்தையில் ஒரு வேலையும் கிடையாது. பெட்டி நிறைய இனிப்பு வைத்துக்கொண்டு ஏறுகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தாள்.

"எடுத்துக்கோ. என் மாப்பிள்ளை என் பேரை வச்சிருக்கான். இதோ, ஓட்டறானே, இவன்தான். தங்கம்! ஆனா வளைவுல கொஞ்சம் மெதுவாப் போ ராசா. இனிமே தினமும் உன்கூடத்தான் வரப் போறேன், மெதுவா ஓட்டப் பழகிக்கோ."

"தினமுமா?"

"தினமும்தான். அலீஸா சொன்னா. 'இனிமே அத்தை எங்கேயும் நடக்கக் கூடாது, வாசல்லயே நிறுத்தறேன்'னு நீயே ஆசைப்பட்டுச் சொன்னியாமே."

அம்ராம் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தான். கண்ணாடியில் பார்த்தான். பஸ் முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தது, வாயில் இனிப்போடு. பின் சீட்டில் ஷலோம். வீடு வந்துகொண்டிருந்தது.

"அத்தை, அங்க ஸ்டாப்..." என்று ஆரம்பித்தான். ஒன்பது வருஷப் பேச்சு. முடிக்க முடியவில்லை. கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. வண்டி ஓரம் கட்டி, அவள் வாசற்படிக்கு நேராக நின்றது.

ஹயா பெட்டியை மூடினாள். நிதானமாக இறங்கினாள். இறங்கித் திரும்பி நின்று அவனைப் பார்த்தாள்.

"பார்த்தியா மாப்பிள்ளை? இங்க ஸ்டாப் இருக்கு."